மூடிய வகை ஹெட்ஃபோன்

மூடிய வகை ஹெட்ஃபோன் என்பது, ஒலியெழுப்பும் டிரைவரின் பின்புறம் கூட்டால் முழுதும் அடைக்கப்பட்ட ஹெட்ஃபோன். காதில் ஓடும் பாட்டு வெளியே அதிகம் கசியாது, வெளிச் சத்தமும் உள்ளே குறைந்தே வரும். பின்புறம் வலைபோல் விட்டிருந்தால் அது திறந்த வகை. திறந்த வகையில் இசை விரிந்து கேட்கும் என்பது உண்மை. ஆனால் மின்விசிறி ஓடும் அறையில், வீட்டில் நாலு பேர் நடமாடும் நேரத்தில் கேட்கும் புதியவருக்கு மூடிய வகையே ஏற்றது.

வரலாறு: தலையில் மாட்டும் கேட்புக் கருவி முதலில் தொலைபேசி நிலையங்களிலும் வானொலித் தந்தியிலும் வேலைக் கருவியாக இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் 1910-இல் தம் வீட்டுச் சமையலறையில் ஓர் இணை செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்த கடற்படை நூறு கேட்டது. சமையலறையில் ஒரு தடவைக்குப் பத்துதான் செய்ய முடியும் என்றார் அவர். மெல்லிய வானொலிக் குறிகளைத் தெளிவாகக் கேட்க வைத்த அந்தக் கைவேலையிலிருந்தே இன்றைய ஹெட்ஃபோனின் கதை தொடங்குகிறது.

1937-இல் ஜெர்மனியில் ஆய்கன் பேயரின் நிறுவனம் டிடி 48-ஐ வெளியிட்டது. காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் அசைந்து ஒலியெழுப்பும் டைனமிக் முறை ஹெட்ஃபோனுக்கு வந்தது அதில்தான். இன்று கடையில் கிடைக்கும் மலிவு ஹெட்ஃபோன்களில் பெரும்பாலானவை அதே முறையில் இயங்குகின்றன. 1958-இல் மில்வாக்கி நகரின் ஜான் காஸ், தனியாக இசை கேட்பதற்கான ரெக்கார்ட் பிளேயர் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். வந்தவர்கள் பிளேயரைவிட, அதனுடன் இருந்த எஸ்பி/3 ஸ்டீரியோ ஹெட்ஃபோனையே விரும்பினார்கள். ஹெட்ஃபோன் வீட்டு இசைக்கு வந்தது அப்போதுதான். 1968-இல் சென்ஹைசரின் எச்டி 414 திறந்த வகையைப் பரப்பியது. ஆயினும் ஒலிப்பதிவுக் கூடங்கள் மூடிய வகையைக் கைவிடவில்லை. பாடகரின் காதில் ஓடும் தாளம் கசிந்து அவர் முன்னிருக்கும் மைக்கில் ஏறிவிடக் கூடாது என்பதே காரணம். 1985-இல் சோனி எம்டிஆர்-வி6, பேயர்டைனமிக் டிடி 770, 1991-இல் சோனி எம்டிஆர்-7506 ஆகிய மூடிய வகை ஹெட்ஃபோன்கள் வந்தன.

தேர்வு: மூடிய வகையின் உயிர், காது மெத்தை காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் படிவதில் இருக்கிறது. எங்கோ ஒரு சிறு இடுக்கு விட்டாலும் பேஸ் ஓடிவிடும். கடையில் இதை அரை நிமிடத்தில் சோதிக்கலாம். மிருதங்கமோ பேஸ் கிதாரோ நன்கு ஒலிக்கும் பாட்டைப் போட்டு, இரு உள்ளங்கைகளாலும் கூடுகளை மெல்ல அழுத்த வேண்டும். அழுத்தியதும் அடிநாதம் சட்டென்று கூடினால், அந்த ஹெட்ஃபோன் அந்தத் தலைக்குச் சரியாகப் பொருந்தவில்லை. மூக்குக்கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு போட்டுப் பார்ப்பது கட்டாயம். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கி இடுக்கு உண்டாக்கும், அரை மணியில் பொட்டும் வலிக்கும்.

பெட்டியில் அச்சிட்ட அதிர்வெண் எண்களை நம்பி வாங்குவதில் பயனில்லை. டிரைவர் 40 மில்லிமீட்டரா 45 மில்லிமீட்டரா என்பதும் தரத்தைச் சொல்லாது. பார்க்க வேண்டிய எண், மின்மறிப்பைக் குறிக்கும் ஓம். போனிலும் மடிக்கணினியிலும் நேராகச் செருகிக் கேட்க 32 முதல் 64 ஓம் வரை உள்ளவை பொதுவாகப் போதும். டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என மூன்று விதமாக வருகிறது. பெயரை மட்டும் பார்த்து 250 ஓம் வாங்கினால், தனியே ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்காமல் போனில் சத்தம் போதாது.

மலிவு விலையில் ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ் நல்ல தொடக்கம். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் எம்40எக்ஸ். அதில் வயரைக் கழற்றி மாற்றலாம். முதலில் சாவது வயர்தான் என்பதால் இது பெரிய வசதி. சென்ஹைசர் எச்டி 280 புரோ வெளிச் சத்தத்தை நன்கு அடைக்கும், ஆனால் தலையை இறுக்கிப் பிடிக்கும். சோனி 7506 குரலைத் துல்லியமாகக் காட்டும். அதன் மெத்தைத் தோல் மட்டும் நாளடைவில் உரிந்து, கறுப்புப் பொடியாகக் காது மடலில் ஒட்டிக்கொள்ளும். மாற்று மெத்தை தனியே விற்கிறது. பழைய மெத்தையை விரலால் இழுத்துக் கழற்றிவிட்டு, புதியதன் ஓரத்தைக் கூட்டின் விளிம்பில் சுற்றிலும் மாட்டினால் வேலை முடிந்தது.

இன்றைய நிலை: ப்ளூடூத்தும் இரைச்சல் நீக்கியும் கொண்டவை கடைகளை நிறைத்துவிட்டன. அதே விலையில் வயர் உள்ளதே ஒலியில் மேல். 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாத போனுக்குச் சிறு டைப்-சி இணைப்பி தேவைப்படும்.

1991-இல் வந்த 7506, சுருள் வயரும் கூட்டில் நீலப் பட்டையுமாக இன்றும் விற்பனையில் உள்ளது.