விரிசல் விட்ட பின்னும் நிற்கும் சுவர்

பெருவின் தலைநகர் லிமாவில், மிராஃப்ளோரஸ் பகுதியின் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு மண் பிரமிடு எழுந்து நிற்கிறது. அதன் பெயர் வாக்கா புக்யானா. கி.பி. 200க்கும் 700க்கும் இடைப்பட்ட காலத்தில் அந்தக் கடலோரத்தில் வாழ்ந்த மக்கள் எழுப்பிய கோயில் அது. உயரம் 20 மீட்டருக்கு மேல். கட்டுமானம் முழுக்கச் சுடாத பச்சைச் செங்கல். கடலுக்கடியில் நாஸ்கா தட்டு தென்னமெரிக்கத் தட்டின் அடியில் நுழையும் கரை இது. பெரிய பூகம்பங்கள் இங்கே தலைமுறைக்கொரு முறை வந்துவிடும்.

சுவரை நெருங்கிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். நம் கொத்தனார்கள் செங்கலைப் படுக்க வைத்து, மேல்வரியின் கல் கீழ்வரியின் இணைப்பை மூடும்படி கட்டுவார்கள். இங்கே கையடக்கமான சிறு கற்கள், அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல் செங்குத்தாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையே சிறு சந்து. அந்தச் சந்துகளில் சாந்து அடைக்கப்படவில்லை. ஒரு வரிசை முடிந்ததும் மேலே ஒரு மண்சாந்துப் படுகை, அதன்மேல் அடுத்த வரிசை. தரை ஆடும்போது இந்தக் கற்கள் தங்கள் இடத்திலேயே சற்று அசைந்து, ஒன்றோடொன்று உரசி, அதிர்வின் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். அங்கே போகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படும் செய்தி இதுதான்: அக்கால மக்கள் பூகம்பத்தை அறிந்து கட்டினார்கள்.

கேட்க இனிமையான கதை. அதை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன் சில விஷயங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தப் பிரமிடு உள்ளே குடியிருக்கும் கட்டடம் இல்லை. பெரும்பாலும் திண்மையான மண் திரள். தலைக்கு மேல் பாரக் கூரை கிடையாது. அடி அகன்று மேலே குறுகுவதால் பாரம் தாழ்வில் இருக்கிறது. இந்த வடிவமே பாதிப் பாதுகாப்பு. தவிர, 1981 முதல் தொல்லியலாளர்கள் அதை அகழ்ந்து செப்பனிட்டு வருகிறார்கள்; இன்று கண்ணில் படும் சுவரெல்லாம் பழைய சுவர் என்று எண்ணக் கூடாது. விழாமல் எஞ்சியவற்றை மட்டுமே நாம் பார்க்கிறோம், விழுந்தவை கணக்கில் வருவதில்லை என்பதும் உண்டு.

வடக்கே த்ருஹியோ நகருக்கு அருகில் மோச்சே மக்கள் கட்டிய வாக்கா தெல் சோல் இன்னொரு பாடம். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பச்சைச் செங்கற்கள் அதில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவை ஒரே உடலாகப் பிணைக்கப்படவில்லை. தனித்தனித் தூண்களாக, ஒன்றையொன்று ஒட்டி எழுப்பப்பட்டிருக்கின்றன. செங்கற்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வகை அடையாளக் குறிகள். ஒவ்வொரு ஊராரும் தங்கள் உழைப்பு வரியாக ஒரு பகுதியைக் கட்டித் தந்தார்கள், குறிகள் அந்தக் கணக்குக்காகவே என்பது ஆய்வாளர்களின் விளக்கம். காரணம் வரியாக இருந்தாலும், பிணைப்பில்லாத செங்குத்து இணைப்புகள் ஒவ்வொரு தூணையும் தனித்தனியே அசைய விட்டிருக்கும். கட்டியவரின் நோக்கம் எதுவோ, பூகம்பத்துக்குத் தெரிவது சுவரின் அமைப்பு மட்டுமே. கட்டடத்தை மதிப்பிட வருபவரும் அதையே பார்க்க வேண்டியிருக்கிறது.

மண்சுவர் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதன் எடையே அதற்கு எதிரி. தரை பக்கவாட்டில் ஆடும்போது, கனமான சுவர் அதே அளவு பெரிய விசையைத் தன்மேல் வரவழைத்துக் கொள்கிறது. முதலில் மூலைகளில் செங்குத்தாக விரிசல் விடும். ஜன்னல், கதவு நிலைகளின் முனைகளிலிருந்து குறுக்கே கோடுகள் ஓடும். மூலையில் பிடி விட்ட சுவர் தனித்து நின்று, வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழும். கூரை பின்னாலேயே இறங்கும்.

பழைய பொறியியல் கணக்கு விரிசல் வரும் கட்டத்தோடு முடிந்துவிடும். அந்தக் கணக்கில் உலகின் எந்த மண் கட்டடமும் தேறாது. இடித்துவிடு, அல்லது உள்ளே கான்கிரீட் சட்டகம் நுழைத்துவிடு என்றுதான் முடிவு வரும். இந்தக் கணக்கு பாதியில் நின்றுவிடுகிறது என்று காட்டியது, கலிஃபோர்னியாவில் கெட்டி மரபுப் பாதுகாப்பு நிறுவனம் 1990களில் நடத்திய ஆய்வு. 1994 நார்த்ரிட்ஜ் பூகம்பத்தில் அடிபட்ட பழைய பச்சைச் செங்கல் வீடுகளைப் பார்வையிட்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலும், மாசிடோனியாவின் ஸ்கோப்யே நகரில் பாதி அளவிலும் மாதிரி வீடுகள் கட்டி, அதிர்வு மேடையில் ஏற்றிக் குலுக்கினார்கள். விரிசல் சீக்கிரமே வந்தது. ஆனால் தடித்த சுவர்கள் விரிசல் விட்ட பின்னும் துண்டு துண்டாக ஆடியபடி நெடுநேரம் நின்றன. நைலான் பட்டைகளால் சுற்றிக் கட்டி, சுவரின் தலையைக் கூரையோடு பிணைத்த மாதிரிகள் கடுமையாகச் சேதமடைந்தும் விழவில்லை.

இந்த ஆய்விலிருந்து கிடைத்த அளவுகோல் மிக எளிது. சுவரின் உயரத்தை அதன் தடிமனால் வகுக்க வேண்டும். விடை 6க்குக் கீழே என்றால் தடித்த சுவர். 8க்கு மேல் என்றால் மெலிந்தது, ஆபத்தானது. 3 மீட்டர் உயரச் சுவர் 60 செ.மீ. தடிமன் இருந்தால் விடை 5, 30 செ.மீ. என்றால் 10. அந்தக் காலத்தார் சுவரை அகலமாக வைத்தது மண்ணை வீணடித்ததாகாது.

அளவு சரியாக இருந்தும் சுவர் உள்ளே செத்திருக்கலாம். ஈரானின் பாம் கோட்டை இதற்கு மிகக் கொடிய சாட்சி. 2003 டிசம்பர் 26 விடியற்காலையில் வந்த பூகம்பத்தின் அளவு 6.6 தான். ஆனால் மையம் ஊருக்கு மிக அருகில். அங்கே பதிவான செங்குத்து முடுக்கம் புவியீர்ப்பை எட்டும் அளவு. சுமார் 26,000 பேர் மாண்டார்கள். மண் கூரைகள் பொடியாக இறங்கியதால் இடிபாட்டுக்குள் மூச்சுவிட இடமே மிஞ்சவில்லை. உலகின் மிகப் பெரிய பச்சைச் செங்கல் கோட்டை நகரமும் குவியலாகிப் போனது. பிறகு ஆராய்ந்தவர்களில் ராண்டல்ஃப் லாங்கன்பாக் ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார்: இருபதாம் நூற்றாண்டில் செப்பனிட்டு அழகுபடுத்திய பகுதிகள் மோசமாக நொறுங்கியிருந்தன, கவனிப்பாரின்றிக் கிடந்த பழைய சுவர்கள் பல ஓரளவு தப்பியிருந்தன. புதிய மண்ணில் கலந்த வைக்கோலைத் தேடிக் கரையான் வந்தது, பழைய உள்சுவரும் புதிய மேற்பூச்சும் ஒன்றாக வேலை செய்யவில்லை என்பது அவர் வாதம். இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அக்கறையோடு செய்த பழுதுபார்ப்பே சுவரைப் பலவீனமாக்கியிருக்கிறது. இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் சுவரின் அடியை முதலில் பார்க்கிறார்கள். ஈரம் ஏறியிருக்கிறதா, அடி அரித்திருக்கிறதா, சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கிறதா?

கனத்த மண்சுவர் கொல்லும் என்ற பாடத்தைப் பெருவில் பலமுறை உயிர் கொடுத்துக் கற்றார்கள். 1746 அக்டோபர் 28 இரவு வந்த பூகம்பத்தில் லிமாவின் சுமார் 3,000 வீடுகளில் 25 மட்டுமே நின்றதாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. பூமியின் வடிவத்தை அளக்க வந்து அங்கே தங்கியிருந்த பிரெஞ்சு அறிஞர் லூயி கோதான், மாடிகளின் உயரத்தைக் குறைக்கச் சொன்னார், வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் மேல்மாடிகளில் கனத்த சுவர் குறைந்து, மரச் சட்டத்தில் நாணல் வரிச்சு கட்டி மண் பூசும் கின்ச்சா முறை ஊரெங்கும் பரவியது. ஸ்பானியர் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்த முறை அது. லிமா பேராலயத்தின் விதானங்களையும் மரத்திலும் கின்ச்சாவிலுமே திரும்பக் கட்டினார்கள்.

மலைப்பகுதியில் அந்த மாற்றம் அவ்வளவாக எட்டவில்லை. 1970 மே 31 பூகம்பத்தில் சுமார் 70,000 பேர் இறந்தார்கள். யுங்காய் ஊரைப் பனிமலைச் சரிவு புதைத்தது. வாராஸ் நகரில் பச்சைச் செங்கல் வீடுகள் குறுகிய தெருக்களின் மேல் சரிந்தன. அதன் பிறகு லிமாவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் மண்ணையே ஆராயத் தொடங்கினார்கள். அவர்கள் தந்த சோதனைகளில் ஒன்றுக்குக் கருவியே வேண்டாம். ஈர மண்ணில் 2 செ.மீ. அளவு உருண்டைகள் நான்கு பிடித்து, 48 மணி நேரம் உலரவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பலம்கொண்ட மட்டும் நசுக்க வேண்டும். உடையவில்லை என்றால் அந்த மண்ணில் களி போதுமானது. களி மிஞ்சினால் உலரும்போது வெடிக்கும். அதைத் தடுக்க வைக்கோலோ பருமணலோ சேர்க்க வேண்டும்.

அதே குழு 1990களில் சில வீடுகளின் சுவர்களில் கம்பி வலைப் பட்டைகளை வைத்துச் சிமென்ட் பூசியது. 2001 ஜூன் 23இல் தென் பெருவைக் குலுக்கிய 8.4 அளவு பூகம்பத்தில் அவை நின்றன. பக்கத்து வீடுகள் விழுந்தன. ஆனால் அதிர்வு மேடையில் இன்னும் கடுமையாகக் குலுக்கியபோது அந்த விறைப்பான பட்டைகள் திடீரென அறுந்தன. செலவும் கிராமத்தாருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பிளாஸ்டிக் வலைக்கும், பிறகு சுவரை இருபுறமும் சுற்றிக் கட்டும் நைலான் கயிற்றுக்கும் மாறினார்கள். கயிறு விரிசலைத் தடுக்காது. விரிந்த துண்டுகள் பிரிந்து போகாமல் பிடித்துக்கொள்ளும்.

குஸ்கோ மலைப்பகுதியில் கூன்யோ தாம்போ என்ற சிற்றூரில் 17ஆம் நூற்றாண்டு தேவாலயம் ஒன்று உண்டு. மண்சுவர், உள்ளே சுவரோவியங்கள், மூலைகளில் பழைய பிளவுகள். கெட்டி நிறுவனமும் குஸ்கோவின் பண்பாட்டுத் துறையும் சேர்ந்து அதைச் செப்பனிட்டபோது ஓவியங்களை வெட்டிக் கம்பி நுழைக்கவில்லை. மண்ணிலேயே உதைசுவர்களை எழுப்பினார்கள். பிரிந்த மூலைகளில் மரப் பிணைப்புகளைப் பதித்தார்கள். சுவரின் தலையில் மர உத்தரம் ஓட்டி, எதிரெதிர்ச் சுவர்களைக் குறுக்கு விட்டங்களால் கட்டினார்கள். வேலை 2019இல் முடிந்தது. ஊரார் மீண்டும் அங்கே வழிபடுகிறார்கள்.