பொற்கிண்ணமும் எச்சிலும்: சீர்காழிக் குளக்கரையில் ஊட்டிய பால்

2015 ஆகஸ்டில் தமிழக அரசு 350-க்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கென்று தனியறைகளைத் திறந்தது. 2018 மார்ச்சில் மலையாள இதழ் ‘கிருஹலட்சுமி’ பாலூட்டும் பெண்ணை அட்டையில் போட்டது. அதை எதிர்த்து வந்த மனுவைத் தள்ளிய கேரள உயர் நீதிமன்றம், அஜந்தா ஓவியங்களையும் ரவிவர்மாவையும் சாட்சிக்கு அழைத்தது. பாலூட்டுவதை மறைக்க வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கில் இரு தரப்பும் பழமையின் வாசலில்தான் போய் நிற்கின்றன. தமிழில் அப்படிப் போய் நிற்பவர்களுக்குச் சீர்காழியைவிட வசதியான இடம் கிடையாது. குளக்கரை, பட்டப்பகல், அழும் குழந்தை, பால் கொடுக்கும் அம்மை. ‘அம்பிகையே வெளியில்தான் கொடுத்தாள்’ என்று ஒருவர் சொல்லலாம். ‘அம்பிகையே கிண்ணத்தில்தான் கொடுத்தாள்’ என்று மற்றவர் திருப்பலாம். அந்தக் கிண்ணம் அங்கே எப்படி வந்தது, எதற்காக வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கிண்ணம் கூச்சத்தின் அடையாளம் என்ற விளக்கம் எளிதில் நாவில் வருவது. அதற்கு ஆய்வுலகில் பலம் சேர்த்தது, அவர் நினைத்துச் செய்யாவிட்டாலும், ஏ.கே. ராமானுஜன் முன்வைத்த பாகுபாடு என்று கருதுகிறேன். 1986-இல் வெளிவந்த ‘அனதர் ஹார்மனி’ தொகுப்பில் கன்னட நாட்டார் வழக்கின் இரு உலகங்களைப் பற்றிய அவருடைய கட்டுரை உள்ளது. பெண் தெய்வங்களை அவர் அதில் இரண்டாகப் பிரிக்கிறார்: முலைத்தாயர், பல்தாயர். முன்னவர் மணமானவர், கணவனுக்குப் பக்கத்தில் நிற்பவர், ஊருக்குள் கோயில் கொண்டவர், சாந்தமானவர், மரக்கறிப் படையல் ஏற்பவர். பின்னவர் கணவன் துணையற்றவர், ஊர் எல்லையில் இருப்பவர், பலி கேட்பவர், கொள்ளைநோய் போன்ற நெருக்கடியில் நினைக்கப்படுபவர். கோயில், பூசகர், படையல், திருவிழா என்று ஒவ்வொன்றாக எடுத்து அவர் காட்டும் வேற்றுமைகளில் பெரும்பாலானவற்றைத் தென்னாட்டு ஊர் எதிலும் சரிபார்த்துக்கொள்ளலாம். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை அந்தப் பெயர்களோடுதான்.

முலைத்தாய் என்று அவர் பெயரிட்ட தெய்வம் பால் கொடுக்கிறதா? தமிழ்ச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. பிள்ளையார் அம்மை மேனியின் அழுக்கிலிருந்து பிறந்தவர். அவர் பால்குடித்த கதைக்குப் புராணத்தில் முக்கியத்துவம் இல்லை. முருகனுக்குப் பால் கொடுத்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். பல்லவர் காலம் தொட்டுச் செதுக்கப்பட்ட சோமாஸ்கந்தப் படிமத்தில் தாயும் தந்தையும் குழந்தையும் ஒரே இருக்கையில் இருக்கிறார்கள். குழந்தை தாயின் மார்பை நாடுவதில்லை, நம்மைத்தான் பார்க்கிறது. மணமான, சாந்தமான, ஊருக்குள் இருக்கிற அம்மையின் மார்பைக் கவிகள் சளைக்காமல் பாடினார்கள். அதில் வாய்வைத்துக் குடித்த பிள்ளையைத் தேடினால்தான் கை வெறுமையாகத் திரும்புகிறது.

வாய்வைத்துக் குடித்த கதைகள் வேறெங்கோ இருக்கின்றன. ஆழ்வார்கள் திரும்பத் திரும்பப் பாடிய பூதனை அரக்கி. லிங்க புராணத்தில் தாருகனைக் கொன்ற பிறகும் சினம் தணியாத காளி, சுடுகாட்டில் குழந்தையாகக் கிடந்து அழும் சிவனை எடுத்துப் பால் கொடுக்கிறாள். பாலோடு அவள் கோபத்தையும் அந்தக் குழந்தை உறிஞ்சிவிடுகிறது. திருவிளையாடற் புராணத்தில் தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்கு இறைவனே தாய்ப்பன்றியாக வந்து முலை கொடுக்கிறான். யசோதை மானுடப் பெண், ஆயர்குலத்தவள், பெற்றவள் அல்லள். ஆக, தெய்வக் கதைகளில் நேராகப் பால் கொடுப்பது அரக்கி, சுடுகாட்டுக் காளி, விலங்கு, வளர்ப்புத் தாய் ஆகியோரின் வேலை. நெல்லை, குமரிப் பக்கத்து இசக்கியின் சுதைச் சிற்பங்களில் கோரைப்பல்லும் உண்டு, கையில் குழந்தையும் உண்டு. ராமானுஜன் வைத்த பெயர்ப்பலகைகளை இடம் மாற்றி மாட்டினால்தான் சான்றுகளோடு பொருந்தும் போலிருக்கிறது.

ராமானுஜன் சார்பில் ஒரு விடை சொல்லலாம். அவை குறியீடுகள், ஊட்டுவதையும் கடிப்பதையும் குறிக்கின்றனவே தவிர, யார் எப்போது பால் கொடுத்தாள் என்ற நடப்பை அல்ல. அவருடைய களம் கன்னட நாட்டார் வழக்கு, தமிழ்ப் புராணம் அல்ல என்பதும் நியாயமே. ஆனால் ஒரு பெயர் நிலைத்துவிட்டால் அது தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்கிவிடும். பால் இருப்பது அடங்கிய, இல்லத்துத் தாயிடம் என்று ஒப்புக்கொண்ட மறுகணம், பாலூட்டுவது இல்லத்துக்குள் நடக்க வேண்டியது என்ற முடிவு பின்வாசல் வழியாக நுழைகிறது. அதன்பின் சீர்காழிக் கிண்ணத்தைக் கண்டால் ‘குலமகள் வெளியில் மார்பைத் திறப்பாளா?’ என்றுதான் தோன்றும். மூலத்தைப் படிக்காமலே விளக்கம் தயாராகிவிடுகிறது.

இனி மூலங்களுக்கு வருவோம். காலத்தால் முந்தியது, அந்தக் குழந்தையான சம்பந்தருடைய வாக்கே. மூன்றாம் திருமுறையில் கழுமலத்தை, அதாவது சீர்காழியை, பாடும் ‘மண்ணின் நல்ல வண்ணம்’ பதிகத்தின் இரண்டாம் பாட்டு இந்த நிகழ்ச்சியைத் தொட்டுச் செல்கிறது. அதில் இருப்பவை நான்கே செய்திகள்: பொற்கிண்ணம், அதில் இருந்த அடிசில், அது பொல்லாதது என்று தந்தை கொண்ட சினம், அந்த நிலையில் இறைவன் தன்னை ஆட்கொண்டது. ஊட்டியவர் உமை என்பது உரைகாரர்கள் கொள்ளும் பொருள். உமை என்ற பெயர் பாட்டில் இல்லை. பால் இல்லை. முலை இல்லை. குளக்கரையும் இல்லை. அடிசில் என்றால் சமைத்த சோறு என்பதே பொதுவழக்கு.

இந்தப் பாட்டைக் கிண்ணம் பற்றிய பேச்சில் யாரும் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பது என் குறை. கிண்ணம் பெரியபுராணத்தில் சேக்கிழார் கூட்டிச் சேர்த்த நாகரிகத் திரை அன்று; ஏழாம் நூற்றாண்டிலேயே அது இருக்கிறது. பின்னால் சேர்ந்தது கிண்ணமல்ல, பால்தான். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் மறைக்கும் பாத்திரம் எதற்கு?

இடைப்பட்ட நிலைக்கு நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியைப் பார்க்கலாம். மலைமகளின் அருளைப் பெற்றவர் என்று அது சம்பந்தரைச் சொல்கிறது. அந்த அருள் எந்த வடிவில் வந்தது என்று அந்தப் பாட்டில் சொல்லவில்லை. நம்பியின் காலமோ தீராத வழக்கு. முதலாம் இராசராசன் காலத்தவர் என்போரும் அதற்கு முந்தியவர் என்போரும் இன்னும் சமாதானமாகவில்லை. வடமொழி சௌந்தர்யலஹரியின் 75-ஆம் சுலோகம், தேவி இரங்கிக் கொடுத்த முலைப்பாலைச் சுவைத்துத் திராவிடக் குழந்தை ஒன்று பெருங்கவிகளிடையே கவியானதைச் சொல்கிறது. அங்கே கிண்ணம் இல்லை. ஆனால் வாய்வைத்துக் குடித்ததாகவும் இல்லை. அந்தக் குழந்தை சம்பந்தரா, நூலாசிரியரேயா என்பதில் உரைகாரர்கள் ஒன்றுபடவில்லை. நூல் ஆதிசங்கரருடையதுதானா என்பதும் ஐயத்துக்கு உரியது. ஆகவே அடிசில் முலைப்பாலாக மாறியது எந்த நூற்றாண்டில் என்று கோடு கிழிக்க நான் துணியவில்லை. ஏழாம் நூற்றாண்டுக்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கும் இடையில் என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்துச் சேக்கிழார் இரண்டு மரபையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போடுகிறார்: பாலடிசில். அம்மையின் முலைகள் பொழிகிற பாலடிசிலைப் பொன்வள்ளத்தில் ஊட்டும்படி இறைவன் பணிக்கிறான். அம்மை அதில் சிவஞான அமுதைக் குழைத்து, குழந்தையின் கண்ணீரைத் துடைத்து, கிண்ணத்தைக் கையில் கொடுக்கிறாள். முலை என்று சொல்வதில் சேக்கிழாருக்கு ஒரு தயக்கமும் இல்லை. கூச்சப்படுபவர் இறைவன் வாயிலிருந்தே அந்தச் சொல்லை வரவைத்திருப்பாரா?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஊட்டும்போது தந்தை சிவபாத இருதயர் எங்கே? தண்ணீருக்குள். மூழ்கி மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கரைக்கு ஏறும்போது அம்மையும் அப்பனும் இல்லை. பிள்ளையின் வாயில் பால் வடிகிறது, அவ்வளவே. பொது இடம்தான், ஆனால் பார்த்தவர் எவருமில்லாத பொது இடம். கண்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குச் சீர்காழியில் சாட்சி கேட்பவர்கள், ஒரே மனித சாட்சியும் அப்போது நீருக்கடியில் இருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

கரையேறிய தந்தை கேட்பது என்ன? யார் கொடுத்ததை உண்டாய்? எச்சில் கலக்கும்படி உனக்கு இதை இட்டவரைக் காட்டு என்று சிறு கோலை ஓங்குகிறார். வைதிக அந்தணரின் பதற்றம் யார் கைச்சோறு என்பதில் இருக்கிறது. யார் உடல் என்பதில் இல்லை. சம்பந்தர் பாட்டில் தந்தை சினந்ததற்குச் சொல்லப்படும் காரணமும் உணவு பொல்லாதது என்பதே. ஐந்து நூற்றாண்டு இடைவெளியில் சோறு பாலாகியும் சினத்தின் காரணம் மாறவில்லை. தந்தை எதையும் பார்க்கவில்லையே, பிறகு எப்படி உடலைப் பற்றிக் கேட்பார் என்று மறுக்கலாம். மறுப்பு வலுவானதுதான். ஆனால் பால் என்று தெரிந்த பிறகும் அவர் பால் வந்த வழியைக் கேட்கவில்லை. இட்ட கையைத்தான் கேட்கிறார். ஒரே பாட்டையும் அதன் விரிவையும் நம்பி எழுப்பும் வாதம் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும், வெளியிடத்தில் பிறர் ஊட்டிய குழந்தையைப் பற்றித் தமிழில் உள்ள மிகப் பழைய குற்றச்சாட்டு எச்சிலைப் பற்றியது, மார்பைப் பற்றியதல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

வெண்கலச் சிற்பிகளும் இதையே பிடித்துக்கொண்டார்கள். சம்பந்தர் படிமங்களில் ஒரு கைச் சுட்டுவிரல் மேலே நீட்டியிருக்கும். பலவற்றில் மறுகையில் கிண்ணம். ஆடும் கண்ணன் படிமத்திலிருந்து இவரைப் பிரித்தறிய உதவுவது அந்த விரலும் கிண்ணமுமே. விரல் நீட்டுவது பால் குடிக்கும் கணமல்ல. ‘இட்டவரைக் காட்டு’ என்ற கேள்விக்கு விடை சொல்லும் கணம். ஊட்டலை விட்டு விசாரணையை வார்த்திருக்கிறார்கள்.

கூச்சம் இல்லையென்றால் கிண்ணம் ஏன்? என் விடை நற்றிணை 110-இல் இருக்கிறது. போதனார் பாடிய அந்தப் பாலைப்பாட்டில் நரைத்த செவிலியர் ஒரு கையில் தேன் கலந்த பால் நிறைந்த பொற்கலத்தையும் மறுகையில் சிறு கோலையும் ஏந்தி, உண்ண மறுத்து முத்துச் சிலம்பொலிக்க ஓடும் சிறுமியைத் துரத்துகிறார்கள். பொற்கலம், பால், ஓங்கிய கோல் ஆகிய மூன்றும் குளக்கரைக் கதையிலும் உண்டு. அங்கே உண் என்பதற்காக ஓங்கிய கோல், இங்கே ஏன் உண்டாய் என்பதற்காக ஓங்கப்படுகிறது. சேக்கிழார் இந்தப் பாட்டை மனத்தில் வைத்து எழுதினார் என்று நிறுவ முடியாது. அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. பொற்கிண்ணத்தில் பால் என்பது செல்வக்குடிச் செவிலியின் அடையாளமாகத் தமிழில் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது என்பதே போதும். அழும் பிராமணக் குழந்தையை இறைவன் தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்கிறான். அந்த வீட்டின் பெருமைக்கேற்ற பாத்திரம் பொன். அம்மை அங்கே நற்றாயாக அல்ல, செவிலியாக வருகிறாள். பெற்றவள் வீட்டில் இருக்க, இவள் கரையில் ஊட்டுகிறாள்.

மனிதப் பெண்கள் பாலூட்டுவதைப் பற்றிப் பேசும்போது பழந்தமிழ்க் கவிகள் குரலைத் தாழ்த்தவில்லை. புறநானூறு 164-இல் பெருந்தலைச் சாத்தனார், வறண்ட முலையைச் சுவைத்துப் பால் வராமல் அழும் பிள்ளையையும், அதன் முகம் பார்த்துக் கண்கலங்கும் மனைவியையும் குமணனிடம் எடுத்துச் சொல்லிப் பரிசில் கேட்கிறார். சொந்த மனைவியின் மார்பைப் புரவலனிடம் பேசியதற்காக அவரை யாரும் குறைசொன்னதாகத் தெரியவில்லை. பெரியாழ்வாரின் யசோதை ஒரு பதிகம் முழுக்கக் கண்ணனை அம்மம் உண்ண எழுப்புகிறாள். இன்னொரு பதிகத்தில் அவளே அம்மம் தர அஞ்சுகிறேன் என்கிறாள். அந்த அச்சம் ஊரார் கண்ணுக்கல்ல. குழந்தை யாரென்று தெரிந்துவிட்டதற்கு. இவை கவிதைகள், தெருவில் என்ன நடந்தது என்பதற்கு நேர்ச்சான்று ஆகா. கவிஞனுக்குத் தடையில்லாதது ஒரு தாய்க்கும் தடையில்லாமல் இருந்ததா என்பதைப் பாட்டுகளைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது.

சீர்காழியில் சித்திரைப் பெருவிழாவின்போது இன்றும் திருமுலைப்பால் உற்சவம் நடக்கிறது. பிரம்ம தீர்த்தக் கரைக்குச் சம்பந்தர் எழுந்தருள, அம்பாளின் பால் பொற்கிண்ணத்தில் அளிக்கப்படுகிறது. பக்தர்கள் பால் கொண்டுவந்து படைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். விழாவின் பெயரில் முலை, சடங்கில் கிண்ணம்: சேக்கிழார் போட்ட அதே முடிச்சு. பெரியபுராணம் படித்து விழா எழுந்ததா, அல்லது கழுமலத்தில் முன்பே நடந்துவந்த சடங்கைக் கண்டு சேக்கிழார் அடிசிலைப் பாலாக்கினாரா என்பது திறந்தே கிடக்கிறது. குலோத்துங்கனுக்கு முற்பட்ட கல்வெட்டு ஒன்று அந்த விழாவுக்குப் பாலோ பொன்னோ அளித்ததைச் சொன்னால் நான் இரண்டாவதன் பக்கம் சாய்வேன். அதுவரை முதலாவதையே வைத்துக்கொள்கிறேன்.