‘ஸ்வெத்’ என்னும் சொல்லும் அருளுரையாளரும்

சொல்லின் வேரைத் தேடிச் சென்று அருளுரைக்குப் பொருள் காண்பது போதகராகிய நம்மில் பலருக்கு வழக்கம். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் நாமும் அவ்வாறே செய்தோம். செர்பிய மொழியில் ‘ஸ்வெத்’ என்பது ‘உலகம்’ என்றும் ‘பரிசுத்தமான’ என்றும் பொருள்படும் எனப் படித்தவுடன், அம்மக்கள் உலகத்தையே பரிசுத்தமாகக் கண்டனர் என்று ஒரு ஞாயிறு ஆராதனையில் துணிந்து கூறினோம். அது பிழை என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அப்பிழையை விளக்கும் வரலாற்றை மாணவர் அறிவது நலம்.

கி.பி. 863-ஆம் ஆண்டளவில் சிரில், மெத்தோடியஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து மொராவியாவுக்கு அனுப்பப்பட்டனர். ஸ்லாவிய மொழிக்கு எழுத்து அமைத்தவர் சிரில். நற்செய்திப் பகுதிகளையும் வழிபாட்டு நூல்களையும் இருவரும் அம்மொழியில் பெயர்த்தனர். அந்தப் பழைய மொழியில் ‘ஸ்வேத்’ என்றால் ஒளி. மூக்கொலி கலந்த ‘ஸ்வெந்த்’ என்றால் பரிசுத்தமான என்பது பொருள். இவற்றின் உயிரொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகளும் இருந்தன. வேர்களும் வேறு. முன்னது, வெண்மையைக் குறிக்கும் ‘சுவேத’ என்ற வடசொல்லுக்கு உறவானது. பின்னது, ‘பரிசுத்தமான’ எனப் பொருள்படும் லித்துவேனியச் சொல்லாகிய ‘ஷ்வெந்தாஸ்’ என்பதற்கும், அவெஸ்தாவில் வரும் ‘ஸ்பெந்த’ என்பதற்கும் உறவானது.

காலப்போக்கில் இவ்வுயிரொலிகள் நாட்டுக்கு நாடு வேறுவிதமாய்த் திரிந்தன. செர்பியாவின் பெருவழக்கில் இரண்டும் ‘எ’ ஆயின. ஆகவே வேறு வேர்களில் பிறந்த இரு சொற்கள் ஒரே வடிவம் பெற்றன. அண்டையிலுள்ள குரோவாசிய மொழியிலோ உலகம் ‘ஸ்வியெத்’ என்றே தனித்து நிற்கிறது. போலந்து மொழி, பரிசுத்தத்திற்குரிய சொல்லில் பழைய மூக்கொலியை இன்றும் காத்து வருகிறது. பல்கேரியர் உலகத்தை ‘ஸ்வ்யாத்’ என்பர். ருஷ்யர் செவிக்கு அது ‘பரிசுத்தமானவர்’ என ஒலிக்கும். நாம் கண்டதாக எண்ணிய இறையியல் உண்மை ஒலித்திரிபின் விளைவே அன்றி வேறில்லை.

ஒளியைக் குறித்த சொல் உலகத்தைக் குறித்தது எவ்வாறு? ஒளி படும் இடம், கண்ணுக்குப் புலனாகும் இடம், உலகம் எனப்பட்டது. செக் மொழியில் உலகம் ‘ஸ்வ்யெத்’, ஒளி ‘ஸ்வ்யெத்லோ’. ஆகவே ஆண்டவர் தம்மை உலகின் ஒளி எனக் கூறும் இடத்தில் (யோவான் 8:12) செக் வாசகர் ஒரே வேரை இருமுறை கேட்கிறார். 1876-இல் முழுமையாக வெளிவந்த ருஷ்ய சினோடல் வேதாகமத்தில் ஒளி ‘ஸ்வெத்’, உலகமோ ‘மிர்’.

இந்த ‘மிர்’ மற்றொரு எச்சரிக்கை. அது ருஷ்ய மொழியில் சமாதானத்தையும் குறிக்கும். 1918-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் வரை இரு பொருளுக்கும் இரு எழுத்து வடிவங்கள் வழங்கின. பின்னர் அவ்வேறுபாடும் மறைந்தது. இவை ஒரே வேரின் இரு கிளைகள் என்பது அறிஞர் கருத்து. உலகம் கொடுக்கிற பிரகாரமல்லாத சமாதானத்தைப் பற்றி யோவான் 14:27 பேசும்போது, ருஷ்யர் இரண்டையும் ஒரே ஒலியில் கேட்கின்றனர். கிரேக்க மூலத்திலோ சமாதானம் ‘எய்ரேனே’, உலகம் ‘கொஸ்மொஸ்’. இவற்றிடையே ஒலியுறவு ஏதுமில்லை. மொழிபெயர்ப்பில் தற்செயலாய் அமைந்த ஒலியொற்றுமையைச் சுவிசேஷகரின் கருத்தாக்குவது முறையன்று.

ஒரே வடிவம் ஒரே வேரைக் காட்டாது. ஒரே வேர் ஒரே பொருளைக் காட்டாது. ஜேம்ஸ் பார் 1961-இல் வேதாகமச் சொற்பொருளியல் பற்றி எழுதிய நூலில், சொல்லின் பிறப்பைக் கொண்டு இறையியல் கட்டுவோரைக் கடுமையாகக் கண்டித்தார். சொல் தன் வாக்கியத்தில் என்ன பொருள் தருகிறது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. எபிரெயம், கிரேக்கம் பயிலும் மாணவரும் இதனை மறத்தலாகாது. அழகான கருத்தாயினும் உண்மையல்லாததைச் சபைக்கு வழங்க நமக்கு உரிமையில்லை. அன்று நம் அருளுரையைப் பாராட்டியோர் பலர், திருத்துவார் ஒருவருமில்லை. ஆதலால் திருத்தும் கடமை நம்முடையதே.