பண்டரிபாய்க்கு எப்போது வயதானது?

அறுபதைத் தாண்டிய நண்பர்களிடம் ஒரு கேள்வி கேட்டு இந்த வாரக் கட்டுரையைத் தொடங்குகிறேன். நடிகை பண்டரிபாய் என்றதும் உங்கள் மனதில் என்ன உருவம் வருகிறது? நரைத்த தலை, கண்ணில் நீர், பூஜை அறை, வாசலில் வந்து நிற்கும் மகன். அம்மா. எனக்கும் வெகுகாலம் வரை அப்படித்தான். அவர் ஒரு காலத்தில் கதாநாயகியாக இருந்தார் என்று என் அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை.

1969-ல் தெய்வமகன் வந்தது. அப்போது நாங்கள் புதுச்சேரியில் இருந்தோம். எனக்கு இருபது வயது. அக்காவுக்கு இருபத்தாறு. ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் படம் அது. சிவாஜிக்கு மூன்று வேடம்: முகத்தில் தழும்புள்ள அப்பா, அதே தழும்போடு பிறந்த மூத்த மகன், அழகான இளைய மகன். அப்பா சிவாஜிக்கு மனைவி பண்டரிபாய். அதாவது ஒரு சிவாஜிக்கு மனைவி, இரண்டு சிவாஜிகளுக்குத் தாய். இளைய மகனுக்கு ஜோடி ஜெயலலிதா. அவருக்கு அப்போது இருபத்தொரு வயது.

படம் விட்டு நடந்து வரும்போது அக்கா சொன்னாள்: "இந்த அம்மா பராசக்தியில சிவாஜிக்கு ஜோடிடா."

நான் சிரித்துவிட்டேன். "போக்கா, யாரையோ பாத்து சொல்றே."

"எனக்கு அப்ப ஒம்போது வயசு. அப்பா கூட்டிட்டுப் போனாரு. மறக்குமா?"

அக்கா சொன்னதே சரி. பராசக்தி 1952 தீபாவளிக்கு வந்தது. கலைஞரின் வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், சிவாஜிக்கு முதல் படம். அதில் விமலா என்ற படித்த, துணிச்சலான பெண்ணாகப் பண்டரிபாய் வருவார். தன் துயரமே பெரிது என்று புலம்பித் திரியும் குணசேகரனுக்கு, நாட்டில் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் பார் என்று எடுத்துச் சொல்லும் பாத்திரம். கடைசியில் அவர்கள் இருவருக்கும்தான் கல்யாணம். அந்தப் படத்தில் சிவாஜி புதுமுகம். பண்டரிபாயோ அதற்கு முன்பே பல வருடம் நடித்துப் பழகியவர்.

அவர் கர்நாடகக் கடற்கரையிலுள்ள பட்கல் ஊர்க்காரர். ஹரிகதை, புராண நாடகம் என்று மேடையில் தொடங்கி, 1943-ல் வாணி என்ற கன்னடப் படத்தில் திரைக்கு வந்தார். 1954-ல் பேடர கண்ணப்பா என்ற கன்னடப் படம். நம் கண்ணப்ப நாயனார் கதைதான். அதில் ராஜ்குமார் முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். அவருக்கும் ஜோடி பண்டரிபாய். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழில் சிவாஜி, கன்னடத்தில் ராஜ்குமார், இரண்டு மொழிகளின் இரண்டு பெரிய நடிகர்களுக்கும் முதல் கதாநாயகி ஒரே பெண்மணி.

அதே 1954-ல் ஏவி.எம். எடுத்த படம் அந்த நாள். வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. 1943-ல் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்டுவிட்டுப் போன சமயத்தில் நடப்பதாகக் கதை. ரேடியோ இன்ஜினியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். யார் சுட்டது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, சம்பவம் ஒவ்வொரு விதமாகத் தெரிகிறது. கடைசியில் பார்த்தால் சுட்டது மனைவி. கணவன் எதிரிக்கு உளவு சொல்லும் தேசத்துரோகி என்று தெரிந்துகொண்டவள். அந்த மனைவி பண்டரிபாய். புருஷன் பக்கம் நிற்பதா, நாட்டின் பக்கம் நிற்பதா என்று ஒரு பெண் தானே முடிவெடுக்கும் வேடம் அந்தக் காலத்தில் எத்தனை நடிகைகளுக்குக் கிடைத்தது?

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று வரிசையாகச் சொல்கிறேன். 1965, எங்க வீட்டுப் பிள்ளை. எம்.ஜி.ஆருக்கு அக்கா, நம்பியாருக்கு மனைவி. எம்.ஜி.ஆருக்கு அப்போது நாற்பத்தெட்டு. 'அக்கா'வுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. 1968, குடியிருந்த கோயில். இரண்டு எம்.ஜி.ஆருக்கும் அம்மா. 1969, தெய்வமகன். 1973, கௌரவம். அதிலும் பாரிஸ்டர் ரஜினிகாந்த் என்ற சிவாஜிக்கு மனைவி, கண்ணன் என்ற இன்னொரு சிவாஜியை வளர்த்த தாய். சிவாஜிக்கும் பண்டரிபாய்க்கும் ஏறத்தாழ ஒரே வயது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் படியுங்கள்.

நான் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். என் புத்தி சர்வீஸ் ரெஜிஸ்டர் வழியாகத்தான் போகும். எங்கள் இலாகாவில் ஒரே வருடம் பிறந்த இரண்டு பேர் ஒரே வருடம்தான் ஓய்வு பெறுவார்கள். பிறந்த தேதியை ஒருமுறை ஏற்றி, கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துவிட்டால் சுலபத்தில் மாற்ற முடியாது. சினிமாவில் அந்தப் பதிவேடு இல்லை. கதாநாயகன் முப்பது வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். கூடச் சேர்ந்த பெண்ணை மட்டும் பத்து, பதினைந்து வருடத்தில் அக்கா செக்‌ஷனுக்கு மாற்றி, பிறகு அம்மா செக்‌ஷனுக்கு மாற்றிவிடுவார்கள். எம்.வி. ராஜம்மாவும் அப்படித்தான். 1940-ல் பி.யு. சின்னப்பாவின் உத்தமபுத்திரனில் கதாநாயகி. 1964-ல் கர்ணனில் குந்தி. பெரியவர்கள் எடுத்த முடிவு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். டிக்கெட் வாங்கி ஒத்துக்கொண்டது நாம்தானே.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் பாடத்தில் நாடகம் வரும். பிரெஞ்சு நாடகக் கம்பெனிகளில் இளம் காதலி, வேலைக்காரி, கிழவி என்று நடிகைகளை வகை பிரித்து வைத்திருப்பார்களாம். அந்த வகைக்கு அவர்கள் வைத்த பெயர் 'எம்ப்ளுவா'. உத்தியோகத்துக்கும் அதே வார்த்தைதான். எங்கள் ஆசிரியர் அதைச் சொல்லிவிட்டு, சாரா பெர்னார் என்ற நடிகை அறுபதைத் தாண்டிய பிறகும் மேடையில் பத்தொன்பது வயது ஜோன் ஆஃப் ஆர்க்காக வந்தார் என்பார். சபை ஒத்துக்கொண்டதாம். ஆக, வயதுக்கும் வேடத்துக்கும் உள்ள கணக்கு கடவுள் போட்டதல்ல, பார்க்கிறவர்கள் போட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பரீட்சைக்கு எழுதினேனே தவிர, மண்டையில் ஏறவில்லை.

1972-ல் வேலை கிடைத்து சென்னைக்கு வந்தேன். சாஸ்திரி நகரில் ஒரு போர்ஷன். அக்காவையும் அம்மாவையும் அழைத்து வந்துவிட்டேன். ஆபீசுக்குப் போகும்போது பஸ் அடையாறு பாலத்தைத் தாண்டியதும் எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டுடியோ வரும். இப்போது அங்கே பெண்கள் கல்லூரி இருக்கிறது. இராத்திரி ஆட்டத்துக்கு ஈராஸ் தியேட்டர். அதுவும் இப்போது இல்லை. பராசக்தியைக் கடைசியில் நான் பார்த்தது தியேட்டரில் அல்ல, எண்பதுகளில் தூர்தர்ஷனில். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். விமலா வந்ததும், "பாத்தியா, நா சொன்னப்ப சிரிச்சியே" என்றாள். நான் பார்த்தேன். மெலிந்த, சுறுசுறுப்பான, கேலி பேசும் ஒரு இளம்பெண். இந்த முகத்தை எப்படி எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று என்று வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு இராத்திரி வேறொரு ஞாபகமும் வந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 1961-ல் அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு. அம்மாவுக்கு ஆஸ்துமா. அக்கா படிப்பை நிறுத்திவிட்டு ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனாள். இராத்திரியில் தையல். நானும் தம்பியும் அவள் சம்பாத்தியத்தில்தான் படித்தோம். எங்க வீட்டுப் பிள்ளை வந்த வருடம் அவளுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல இடம், வெளியூர். அவளுக்கு இருபத்திரண்டு, எனக்குப் பதினாறு. பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் நடுவில் போய், "அக்கா போயிட்டா எங்கள யாரு பாத்துக்குவாங்க?" என்று அழுதேன். யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. அக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள். பிறகு வேறு வரனும் வரவில்லை, யாரும் தேடவுமில்லை. 'அவ எங்களுக்கு அம்மா மாதிரி' என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை.

பண்டரிபாய் அந்த அம்மா வேடங்களைச் சும்மா ஒப்பேற்றவில்லை. பெற்ற பிள்ளை இறந்துவிட்டது என்று நம்பி வாழும் தெய்வமகன் தாயையும், பிடிவாதக்காரக் கணவனுக்கும் வளர்த்த பிள்ளைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் கௌரவம் மாமியையும் பாருங்கள். இரண்டும் வேறு வேறு பெண்கள். குரலை உயர்த்தாமல், எதிரில் சிவாஜி முழு வீச்சில் நடிக்கும்போது அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம்தான் நமக்குச் சிவாஜியின் நடிப்பை நம்பும்படி ஆக்கியது. தமிழ், கன்னடம், தெலுங்கு, ஹிந்தி என்று நான்கு மொழியில், கிட்டத்தட்ட ஐம்பது வருடம். 1992-ல் மன்னன் படத்தில் ரஜினிகாந்துக்கு அம்மா. யேசுதாஸ் பாடிய அந்த அம்மா பாட்டை இன்றைக்கும் அன்னையர் தினத்தன்று எல்லா சேனலிலும் போடுகிறார்கள். பிற்காலத்தில் ஒரு விபத்தில் அவர் ஒரு கையை இழந்தார். 2003 ஜனவரியில் சென்னையில் காலமானார். அடுத்த நாள் பேப்பரில் என் கண் முதலில் தேடியது பராசக்தி என்ற பெயரைத்தான்.

அக்கா 2017-ல் போனாள். எழுபத்துநான்கு வயது. கடைசி வரை எங்களோடுதான் இருந்தாள். என் பிள்ளைகளையும் அவள்தான் வளர்த்தாள். இறப்புச் சான்றிதழுக்காகப் படிவத்தை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பையன் என்னைப் பார்த்தான், படிவத்தைப் பார்த்தான். "அம்மாவா சார்?" என்றான்.

எனக்கு அப்போது அறுபத்தெட்டு. "இல்ல தம்பி, அக்கா. என்னைவிட ஆறு வயசுதான் பெரியவ" என்றேன். வயதுக் கட்டத்தில் எழுதியிருந்ததை அவனுக்குக் காட்டினேன். அவன் தலையாட்டிவிட்டு முத்திரை வைத்தான்.

அந்த நாள் படம் இப்போது கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளை விட்டுப் போடச் சொல்லிப் பாருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர்கள், "இந்த ஹீரோயின் யாரு தாத்தா?" என்று கேட்டால், 'மன்னன்ல வர்ற அம்மா' என்று சொல்லிவிடாதீர்கள். பெயரைச் சொல்லுங்கள். பண்டரிபாய்.