மலையேறிய பாட்டிகள்

திருவண்ணாமலை என்றதும் கோபுரம், தீபம், கிரிவலம், துறவியர் என்று நம் நினைவு ஒரு வரிசையில் செல்கிறது. அந்த வரிசையில் இடம்பெறாத சிலர் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், கையில் சோற்றுப் பாத்திரத்துடன் நாள்தோறும் நடந்த பெண்கள் அவர்கள். ரமண மகரிஷியின் வரலாற்றில் ஓரமாக வந்துபோகும் இவர்களை, முதுமையின் வரலாறாகவும் வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதில் இவ்வூருக்கு வந்த வேங்கடராமன், 1899 முதல் 1916 வரை பெரும்பாலும் விருபாக்ஷி குகையில் வாழ்ந்தார். கோடையில் அங்கே தண்ணீர் வற்றிவிடும். மாமரத்துக் குகைக்கு இடம் மாறுவார்கள். குகையில் சமையல் கிடையாது. பிச்சையாகப் பெற்றதும், அன்பர்கள் மேலே கொண்டுவந்ததுமே உணவு. அதாவது, யாராவது மலையேறினால்தான் சாப்பாடு.

அப்படி உணவளித்தவர்களில் மூத்தவர் கீரைப்பாட்டி. குகை நமசிவாயர் கோயில் மண்டபத்தில் தனியாக வாழ்ந்தவர். உறவென்று எவருமில்லை, சொத்தென்று ஒரு சட்டி. அதே சட்டியில்தான் குளிக்க வெந்நீரும், பிறகு கஞ்சியும், பிறகு குழம்பும். மலையில் அலைந்து கீரை பறித்துச் சமைத்து, தன் பங்குக்கு முன் குகையிலிருப்பவருக்குக் கொடுப்பார். பெயரே அந்தக் கீரையால் நின்றுவிட்டது.

எச்சம்மாளின் கதை வேறு. மண்டகொளத்தூரைச் சேர்ந்த அவர் கணவனையும் மகனையும் மகளையும் அடுத்தடுத்து இழந்தவர். அக்காலத்தில் இளம் விதவைக்கு வீட்டின் ஒரு மூலைதான் உலகம். 1906இல் திருவண்ணாமலைக்கு வந்தவர், இங்கேயே வீடு பிடித்துத் தங்கி, அன்றாடம் சமைத்து மலைக்கு எடுத்துச் சென்றார். எடுத்து வளர்த்த மகளையும் பின்னாளில் இழந்தார். அதன் பிறகும் அந்தச் சோற்றுக் கைங்கரியம் நிற்கவில்லை. 1945இல் அவர் மறையும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. இளமையில் தொடங்கிய நடை முதுமைவரை வந்தது என்பதைவிட, அந்த நடையைப் பற்றிக்கொண்டே அவர் முதுமைக்கு வந்து சேர்ந்தார் என்பதே சரி.

காரைக்காலிலிருந்து மகனும் மருமகளுமாக வந்தவர் முதலியார் பாட்டி. அவர்கள் அவரைவிட்டுப் பிரிந்த பின்னும் ஊரில் தனியாக இருந்து, 1940களின் இறுதிவரை உணவு கொண்டுவந்தார். வயது எண்பதை ஒட்டியபோது பார்வை போயிற்று, நடை தளர்ந்தது. கண் தெரியாமல் எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்டவர்களிடம் அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: நான் பார்க்காவிட்டால் என்ன, அவர் என்னைப் பார்க்கிறாரே.

இதைப் பக்தியின் மிகை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் முதுமையை அறிந்தவர்கள் அப்படி ஒதுக்க மாட்டார்கள். வயதானவரை முதலில் தளர்த்துவது முழங்கால் அல்ல. இன்று தனக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை என்ற எண்ணம். முதலியார் பாட்டிக்குக் காத்திருக்க ஒருவர் இருந்தார்.

இவர்களின் வறுமையையும் தனிமையையும் அழகாக்கிச் சொல்வது என் நோக்கமல்ல. மூவருக்குமே குடும்பம் என்ற தாங்கல் இல்லாமல் போயிற்று. சமூகம் அவர்களுக்கு அளித்த இடம் சிறியது. அந்தச் சிறிய இடத்திலிருந்து, தம்மை நம்பி ஒரு பசி இருக்கிறது என்ற பெரிய இடத்துக்கு அவர்களே நடந்து போனார்கள். நடப்பது நல்லது, ஈடுபாடு வேண்டும், தனித்திருக்காதே என்று முதியோர்க்கு இன்று சொல்லப்படும் அறிவுரைகள் எல்லாமே அந்த ஒரு சோற்றுப் பாத்திரத்தில் அடங்கியிருந்தன.

அவர்கள் கொண்டுவந்ததை உண்டவரும் முதுமையடைந்தார். 1926வரை கிரிவலம் சென்றவர். 1930களில் விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கியவர். பின்னாளில் வாதத்தால் முழங்கால் வீங்கியபோதும், கைத்தடியோடு தினசரி மலைப்பக்கம் உலாவி வந்தார். இடக்கையில் தோன்றிய கட்டிக்கு 1949இல் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. உடல் தேறவில்லை. ஆனால் பார்க்க வருபவர்களைத் தடுக்க அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு மறைந்தார். ஆரோக்கியம் நம் கையை விட்டுப்போகும் நாளிலும் மலர்ச்சி போகவேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இன்று பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறார்கள். புண்ணியத்துக்கும் உடம்புக்கும் நல்லதுதான். கீரைப்பாட்டி இந்த இரண்டையும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. சட்டியில் இருப்பது ஆறிவிடக் கூடாது என்பதுதான் அவருடைய அவசரமாக இருந்திருக்கும்.