ஒலியளவையின் வரலாறும் ஒலுவிற் கரையும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்து ஒலுவிலை அடைவர். இச்சிறு தூரத்துள் ஓசை பற்றிய சட்டம் மாறிவிடுகின்றது என்பதைப் பலர் அறியார். கல்முனை மாநகர சபைக்கு உட்பட்டது; ஆதலின் ஓரிடத்தில் எழும் ஓசை அதன் எல்லையிற் பகல் வேளையில் 63 தெசிபெல் வரை இருக்கலாம். ஒலுவில் பிரதேச சபையொன்றின் பகுதி. அங்கு எல்லை 55. இரவில் இவை முறையே 50, 45 ஆகும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 1996 இல் வெளியான இரைச்சற் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இவ்வாறு வகுத்தன. செவிக்குப் பொதுவானதை ஊராட்சி எல்லை கொண்டு பிரிக்கும் இவ்விதி எண்ணின்றி இயங்காது. அவ்வெண் பிறந்தவாறும், அதனை அளக்கும் வாய்ப்புப் பொதுமக்கள் கைக்கு வந்தவாறும் நோக்கற்பாலன.

தெசிபெல் தொலைபேசித் தொழிலிற் பிறந்தது. நெடுந்தூரக் கம்பியிற் செல்லும் பேச்சு எவ்வளவு நலிகின்றது என அறிய 1920 களில் ஐக்கிய அமெரிக்காவின் பெல் நிறுவனப் பொறியியலாளர் அதனை வகுத்தனர். அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் பெயரை அது தாங்கியது. 1929 இல் நியூயோர்க் நகரம் நிறுவிய இரைச்சல் தணிப்பு ஆணைக்குழு கருவிகளை லொறியில் ஏற்றித் தெருத்தெருவாக அளந்தது. தாழ்ந்த சுருதிகளைச் செவி மெலிதாகவே உணர்கின்றது என்பதை 1933 இல் பிளெச்சர், மன்சன் ஆகிய இருவரும் வரைகோடுகளாற் காட்டினர். செவியின் இவ்வியல்புக்கேற்பத் திருத்திய அளவே இன்றைய சட்டங்கள் கூறும் 'ஏ' நிறை தெசிபெல். லொறி வேண்டிய கருவி பின்னர் கையடக்கமாயிற்று. எனினும் அது பொதுமக்கள் கைக்கு வரவில்லை.

இலங்கையில் 2007 நவம்பரில், வெலிகமவில் எழுந்த வழக்கொன்றில், இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாதென உயர் நீதிமன்றம் பணித்தது. இது எண்ணால் அன்றி மணியால் வகுத்த எல்லை. கடிகாரம் எல்லோரிடமும் இருந்தது, ஒலிமானி இருக்கவில்லை.

திறன்பேசி அந்நிலையை மாற்றியது. தொலைபேசியிற் பிறந்த அலகு தொலைபேசிக்கே மீண்டது எனலாம். 2014 இல் கார்டூஸ், ஷா என்னும் அமெரிக்க ஆய்வாளர் 192 செயலிகளை ஆராய்ந்து, தகுதியானவற்றை ஆய்வுகூடத்திற் சோதித்தனர். ஐபோனுக்குரிய பத்தில் நான்கே உண்மை அளவுக்கு 2 தெசிபெல் எல்லைக்குள் நின்றன. அன்ட்ரொயிட் தொலைபேசிகளைப் பல நிறுவனங்கள் ஆக்குவதால், ஒலிவாங்கிகள் வேறுபட்டு அளவுகளும் வேறுபட்டன. அவர்கள் பணியாற்றிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 2017 இல் ஐபோனுக்கெனத் தானே ஒரு செயலியை வெளியிட்டது.

2 தெசிபெல் என்பது சிறு பிழையன்று. 3 தெசிபெல் கூடினாலே ஒலியின் வலு இருமடங்காகும். எனவே ஒலுவிலில் 56 எனக் காட்டும் தொலைபேசி அயலவரின் முறைப்பாட்டுக்குத் தொடக்கமாகலாம், சான்றாகாது. 94 தெசிபெல் ஓசையை எழுப்பும் அளவுதிருத்தியைப் பொருத்திச் சரிபார்த்த ஒலிமானியே சான்று தரும்.

2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தில் இச்சிக்கல் மேலும் பெருகும். எதிர்பார்த்த வணிகக் கப்பல்கள் அங்கு வரவில்லை. வாயிலை மணல் அடைத்தது. வடபுறக் கரையைக் கடல் அரித்தது. அங்குள்ள அலைத்தடுப்புக் கற்களின்மேல் நின்று அளப்பவரின் ஒலிவாங்கித் துளையிற் காற்று மோதுங்கால், அம்மோதலையும் செயலி ஓசையென்றே கணக்கிடும். இதற்காகவே ஒலிமானிகளுக்கு நுரைப்பஞ்சு உறை இடுவர். தொலைபேசிக்கு அது இல்லை. திரையில் எழும் எண் வள்ளத்தின் இயந்திரத்துக்கு உரியதா, அலைக்கும் வாடைக்காற்றுக்கும் உரியதா என்பதை, இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் ஒருமுறை அளந்தாலன்றி அறிதல் அரிது.