செவிலி கூற்று இல்லாத வரலாறு

இங்கிலாந்தின் பழைய உறைவிடப் பள்ளிகள் பல, தம் மாணவர் பதிவேடுகளை நூல்களாக அச்சிட்டு வைத்திருக்கின்றன. பையனின் பெயருக்கு அடுத்துத் தந்தையின் பெயரும் பதவியும் இருக்கும்: இந்திய ராணுவத்தில் கர்னல், மதராஸில் கலெக்டர், கல்கத்தாவில் வணிகர். தாயின் பெயரைப் பெரும்பாலும் காண முடியாது. கடல் கடந்து வாழ்ந்த குடும்பங்கள் பிள்ளைகளை இங்கிலாந்தில் படிக்க வைத்த வரலாறும் இந்தப் பதிவேட்டைப் போலத்தான் எழுதப்பட்டிருக்கிறது. தந்தை முடிவெடுத்தார், மகன் படித்தான், பெரிய ஆளானான். அந்த முடிவின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைப் பெண்களின் பக்கம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு இது எழுதப்படாத சட்டம். பிள்ளைக்கு ஐந்து, ஆறு, ஏழு வயதானால் கப்பலேற்றிவிட வேண்டும். இந்த வெயில் வெள்ளைப் பிள்ளைகளின் உடலைக் கெடுத்துவிடும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சொல்லப்பட்ட காரணம் அது. அதற்குப் பின்னால் வேறு அச்சங்கள் இருந்தன. பிள்ளை வேலைக்காரர்களின் மொழியைப் பேசுகிறது, ஆங்கிலத்தை இந்தியச் சாயலோடு உச்சரிக்கிறது, நாளை அதைக் கலப்பினப் பிள்ளை என்று யாராவது நினைத்துவிட்டால் என்ன செய்வது? உதகைப் பகுதியில் 1858 முதலே லாரன்ஸ் பள்ளி இருந்தது. குளிர்ந்த மலை, ஆங்கில ஆசிரியர்கள், குறைந்த செலவு. ஆனாலும் வசதி உள்ளவர்கள் மலைப்பள்ளிகளைத் தவிர்த்தார்கள். இங்கிலாந்துக்கு அனுப்ப முடிந்தவர், முடியாதவர் என்ற கோடு அங்கே வர்க்கக் கோடாகவும் நிறக் கோடாகவும் இருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து பயண நாட்கள் குறைந்தபின் அனுப்புவது இன்னும் எளிதாயிற்று.

எந்தப் பள்ளி என்பதைத் தந்தையின் தொழிலே பெரும்பாலும் தீர்மானித்தது. அதிகச் சொத்தில்லாத ராணுவ அதிகாரிகள் தம் மகன்களுக்காக 1874இல் டெவன் கடற்கரையில் யுனைடெட் சர்வீசஸ் கல்லூரியைத் தொடங்கினார்கள். மிஷனரிகளின் மகள்களுக்காக 1838இலேயே வால்தம்ஸ்டோ ஹால் தொடங்கப்பட்டது. மகன்களுக்கான பள்ளி 1842இல்தான் வந்தது. நாகர்கோவிலிலும் சேலத்திலும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய லண்டன் மிஷன் போன்ற சபைகளின் குடும்பங்கள், தம் பிள்ளைகளை இத்தகைய பள்ளிகளில் விட்டுவிட்டு வந்தவை.

இது குடும்பம் சேர்ந்து எடுத்த முடிவு என்று சொல்லப்படுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1839க்கு முன் இங்கிலாந்துச் சட்டப்படி பிள்ளைகள் முழுக்கத் தந்தைக்கே உரியவர்கள். கணவனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த எழுத்தாளர் கரோலின் நார்ட்டன் நடத்திய போராட்டத்தின் பயனாக அந்த ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தை வேண்டலாம் என்ற அளவுக்குத்தான் அது தாய்க்கு இடம் கொடுத்தது. தாயையும் தந்தையையும் நீதிமன்றத்தின் முன் சமமாக நிறுத்த 1925 வரை ஆயிற்று. அதுவரை பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தந்தையுடையது. தாய்க்கு மிஞ்சியது வேறொரு தேர்வு. பிள்ளைகளோடு இங்கிலாந்தில் இருந்து கணவனைப் பிரிவதா, கணவனோடு இந்தியாவில் இருந்து பிள்ளைகளைப் பிரிவதா? எதைத் தேர்ந்தாலும் ஊர் பேசும். முதலாவதைத் தேர்ந்தவள் நல்ல மனைவி இல்லை, இரண்டாவதைத் தேர்ந்தவள் நல்ல தாய் இல்லை.

ஆலிஸ் கிப்ளிங் இரண்டாவதைத் தேர்ந்தவர். 1871இல் அவரும் கணவரும், ஆறு வயது நிறையாத மகன் ரட்யார்டையும் மூன்று வயது மகள் ட்ரிக்ஸையும் சவுத்ஸீ என்னும் கடலோர ஊரில் ஒரு வீட்டில் விட்டுவிட்டு பம்பாய்க்குத் திரும்பினார்கள். அந்த வீட்டாரை அவர்களுக்கு முன்பின் தெரியாது. விளம்பரத்தைப் பார்த்துப் பிடித்த இடம். பிரியப்போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லவும் இல்லை. பையன் அங்கே அடியும் அவமானமும் பட்டான். தாய் திரும்பி வந்தது 1877இல்தான். அடுத்த ஆண்டு அவன் யுனைடெட் சர்வீசஸ் கல்லூரியில் சேர்ந்தான். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளனின் துயரக் கதையாக இது உலகுக்குத் தெரியும். அதே வீட்டில் வளர்ந்த ட்ரிக்ஸ் என்ன ஆனார்? அவரும் நாவல்கள் எழுதினார், தாயோடு சேர்ந்து ஒரு கவிதைத் தொகுப்பும் வெளியிட்டார். பின்னர் கடுமையான மனநோய்க்கு ஆளானார். இன்று இலக்கிய வரலாற்றில் அவர் ஒருவரின் தங்கை மட்டுமே.

மகள்களின் நிலை பொதுவாகவே இதுதான். வருமானம் குறைவாக இருந்தால் மகனின் கட்டணம் முதலில் எடுத்து வைக்கப்படும், மகளுக்கு மிச்சம். செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரி போன்ற நல்ல பள்ளிகள் 1850களில்தான் தோன்றத் தொடங்கின. அவற்றுக்குச் செலவழிக்க எல்லாரும் முன்வரவில்லை. படிப்பு முடிந்தால் மகன் பதவியேற்க இந்தியா திரும்புவான், மகள் மணப்பெண்ணாகத் திரும்புவாள். பிறகு அவளுக்கும் குழந்தை பிறக்கும். அதற்கும் ஐந்து வயதாகும்.

இந்தியக் குடும்பங்களும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டன. 1905இல் மோதிலால் நேரு, பதினைந்து வயது ஜவஹர்லாலை ஹாரோ பள்ளியில் சேர்த்தார். அப்போது ஐந்து வயதாக இருந்த மகள், பின்னாளின் விஜயலட்சுமி பண்டிட், பள்ளிக்கே போகவில்லை. வீட்டோடு தங்கிய ஆங்கிலேய ஆசிரியை ஒருவரிடம் படித்தார். டோர்செட்டின் ஷெர்போர்ன் பெண்கள் பள்ளியில் படித்த ராஜ்குமாரி அம்ரித் கௌர் போன்றவர்கள் விதிவிலக்கு. அவர் கபுர்தலா அரச குடும்பத்தவர். நேரு வீட்டுப் பெண் ஒருத்தி இங்கிலாந்தின் பள்ளி ஒன்றில் சேர்ந்தது 1936இல். தாய் கமலா இறந்த அந்த ஆண்டில் இந்திரா பிரிஸ்டலின் பேட்மின்டன் பள்ளிக்குப் போனார்.

இந்தக் கதையில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள். பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தன் மொழியில் தாலாட்டிய ஆயா. போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த சொல் அது. இன்றும் நம் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வழங்குகிறது. கப்பலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவளையும் கூட்டிப் போவார்கள். கரை சேர்ந்ததும் அவள் வேலை முடிந்துவிடும். திரும்பும் பயணச்சீட்டு இல்லாமல் லண்டனில் கைவிடப்பட்டவர்கள் பலர். அவர்களுக்காக ஆயாக்கள் இல்லம் ஒன்று நடந்தது. 1900இல் அது ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் சாலைக்கு வந்தது. இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பம் வேலைக்கு எடுக்கும்வரை அங்கே காத்திருப்பார்கள். ஆண்டுக்குச் சுமார் நூறு பேர் அங்கே தங்கினார்கள்.

நம் அகப்பாடல் மரபில், மகள் பிரிந்து போனதும் இரண்டு தாயர் பேசுவார்கள். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இருவருக்கும் கூற்று உண்டு. பாலைத்திணையில் வெறிச்சோடிய வீட்டைப் பார்த்துப் புலம்பும் உரிமை வளர்த்தவளுக்கும் தரப்பட்டது. காலனிய ஆவணங்களில் நற்றாய்க்குக் கடிதங்கள் இருக்கின்றன, நாட்குறிப்புகள் இருக்கின்றன. செவிலிக்கு அநேகமாக எதுவும் இல்லை. கிப்ளிங்கின் தன்வரலாற்றில் வீட்டு வேலையாள் மீத்தாவுக்குப் பெயர் இருக்கிறது. மாலை நேரங்களில் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துப்போன ஆயாவுக்குப் பெயர் இல்லை. கப்பல் பயணிகள் பட்டியல்களிலும் அவள் பெரும்பாலும் எஜமானியின் பெயருக்குப் பின்னால் வரும் ஒரு சொல் மட்டுமே.

ஹாக்னியின் அந்த வீட்டுச் சுவரில் 2022இல் நீல நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அதற்காக உழைத்தவர்களில் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். பள்ளிப் பதிவேடுகளைப் படிக்கும் மாணவிகள், அதே ஆண்டின் கப்பல் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஒன்றில் மகனும் தந்தையும் இருப்பார்கள். மற்றதில் அவனைத் தூக்கி வந்தவள் இருப்பாள்.